அது உண்மையான டாக் ஷோ இல்லை, நடிப்பு

"விருந்தினரின் குரலைக் கேட்டுச் சிரித்ததால் பெல்ஜியம் தொகுப்பாளர் நேரலையிலேயே வேலை இழந்தார்" என்று ஒரு வீடியோவைப் பகிர்ந்திருக்கிறீர்கள், அது தவறான தகவல். அப்படி ஒரு தொகுப்பாளர் இல்லை, வேலையும் போகவில்லை. 2000-2001இல் ஃபிளெமிஷ் (பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதி) பொது ஒளிபரப்பான விஆர்டியின் கான்வாஸ் சேனலில் வந்த 'இன் டெ க்ளோரியா' நகைச்சுவைத் தொடரின் காட்சி அது. இயக்கம் யான் ஏலன். காட்சியில் வரும் 'பூமராங்' என்ற டாக் ஷோவும் எரிக் ஹார்ட்மன் என்ற தொகுப்பாளரும் கற்பனை. அவராக நடித்தவர் டாம் வான் டைக்.

பலர் ஏமாறக் காரணம் இருக்கிறது. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. அரங்கு, விளக்கு, கேமரா எல்லாமே அந்தக் காலத்து டாக் ஷோ அச்சு அசலாக. சிகிச்சைத் தவறால் குரல் கீச்சென்று மாறிப்போனவர் கொஞ்சமும் சிரிக்காமல் தன் துயரத்தைச் சொல்கிறார். தொகுப்பாளர் அடக்க அடக்கச் சிரிப்பு பீறிடுகிறது. எதிரில் இருப்பவர் அவ்வளவு நிதானமாகப் பேசுவதால்தான் காட்சி எடுபடுகிறது. அபாரமான நடிப்பு! நோயாளியைக் கேலி செய்வதல்ல நோக்கம், அடுத்தவர் வேதனையை விற்கும் டிவியைத்தான் குத்துகிறார்கள்.

தொடரின் பெயர் வரும் பகுதியை வெட்டிவிட்டுப் பகிர்வதால்தான் இந்தக் குழப்பம். சந்தேகம் இருந்தால் தொடரின் பெயரைப் போட்டு வேறு காட்சிகளைப் பாருங்கள்: அதே முகங்கள் வேறு வேறு வேடத்தில் வரும். பதிவின் தலைப்பைத் திருத்திவிடுங்கள், ப்ளீஸ்.