எம்ஏஎச் கணக்கை நம்பி லேப்டாப் வாங்காதீர்கள்

அக்கா மகளுக்குக் கல்லூரி திறக்கப்போகிறது. லேப்டாப் வாங்க மேலூரிலிருந்து வந்தவளை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். "லேப்டாப் பேட்டரி 4,400 எம்ஏஎச்தான் சார். இந்த டேப்லெட்டில் 8,000. டபுளா நிக்கும்" என்றார் விற்பவர். அவள் என் பக்கம் திரும்பி, "அப்ப டேப்லெட்டே வாங்கிக்கிறவா மாமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. விவரம் தெரியாத பிள்ளையிடம் இப்படிச் சொல்லி விற்கலாமா?

எம்ஏஎச் என்றால் மில்லி ஆம்பியர் ஹவர், பேட்டரியின் மேல் போட்டிருக்கும் அளவு. அதை மட்டும் சொல்வது, மூட்டை எத்தனை என்று சொல்லிவிட்டு ஒரு மூட்டை எத்தனை கிலோ என்பதை விட்டுவிடுவது மாதிரி. அந்த எடைதான் வோல்ட். டேப்லெட் பேட்டரி சுமார் 3.8 வோல்ட். லேப்டாப்பில் செல்களைத் தொடராக இணைப்பதால் 11, சிலவற்றில் 15 வோல்ட் வரை வரும். எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் ஹவர், அதாவது பேட்டரியில் இருக்கும் மொத்த மின்சாரம். அந்த டேப்லெட்டில் 30. 11.1 வோல்ட் லேப்டாப்பில் 49! எதில் மின்சாரம் அதிகம்?

சரி, அப்படியானால் லேப்டாப்தான் அதிக நேரம் ஓடுமா? அதுவும் இல்லை. பத்தாம் தலைமுறை ஐபேடில் இருப்பது 28.6 வாட் ஹவர்தான், ஆப்பிள் சொல்வது 10 மணி நேரம். அதாவது மணிக்கு மூன்று வாட் ஹவர் கூடச் செலவில்லை. சாதாரண லேப்டாப் பத்து வாட் இழுத்தால் 50 வாட் ஹவர் ஐந்து மணி நேரத்தில் காலி. எல்லா லேப்டாப்பும் அப்படியில்லை. ஆப்பிளின் 13 அங்குல எம்2 மேக்புக் ஏர் லேப்டாப்பில் 52.6 வாட் ஹவர், படம் பார்த்தால் 18 மணி நேரம் என்கிறார்கள். சிப் குறைவாகச் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, இரண்டையும் கேளுங்கள்.

எங்கள் பக்கம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு அசைன்மென்ட் முடிக்க வேண்டிய பிள்ளைக்கு இந்தக் கணக்கு முக்கியம். கோடிங் படிக்கப் போகிறவளுக்கு டேப்லெட் சரிவராது என்பது வேறு விஷயம். வேறு கடையில் 57 வாட் ஹவர் லேப்டாப் எடுத்தோம்.

அப்புறம் வெயில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. சித்திரை மாதத்தில் பைக் டேங்க் கவரில் லேப்டாப்பை வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். நான் அப்படித்தான் இரண்டு வருடம் அலைந்தேன். விண்டோஸ் லேப்டாப் என்றால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, கேள்விக்குறி விசையில் இருக்கும் சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகும், அது இருக்கும் இடத்தையும் சொல்லும். அதைத் திறந்தால் பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு என்று காட்டும். என்னுடையதில் 41,000 மில்லிவாட் ஹவர், அதாவது 41 வாட் ஹவர், இருந்த இடத்தில் இப்போது 26,000.