நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்

டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கிறவரைப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பரீட்சையை நிறுத்துங்கள். "என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்." அன்பாகத்தான் கேட்கிறீர்கள், சரி. கேட்டதும் அவர் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். யாராவது எடுத்துக்கொடுப்பார்களா என்று கண் வீட்டு ஆட்களைத் தேடும். என் மாமியார் "தெரியாம என்ன, சாப்பிட்டீங்களா?" என்று சிரித்துச் சமாளிப்பார். வந்தவர் விடமாட்டார், "அப்ப பேரச் சொல்லுங்க!" எதிர்வீட்டுப் பொண்ணு வந்திருக்கேம்மா என்று நீங்களே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். அப்படியென்றால் உங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், கிரில் கேட்டுக்கு உள்ளே. பூட்டி வைப்பதற்கு வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே விட்டால் "இப்படியா தனியா விடுவீங்க?" என்று கேட்பதற்கு முழு ஊரே தயாராக இருக்கிறது.

ஜப்பானில் ஒரு வழக்கு நடந்தது. 2007இல் ஓபு என்ற ஊரில் 91 வயதுக்காரர் ஒருவர், 85 வயது மனைவி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறி ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். ரயில்கள் தாமதமானதற்கு நஷ்டஈடு கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின் மேலேயே வழக்குப் போட்டது! கீழ் நீதிமன்றங்கள் கட்டத்தான் வேண்டும் என்றன. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்றது. இருபத்து நாலு மணி நேரமும் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்ள எந்த வீட்டிலும் ஆள் கிடையாது, அதைச் சொல்ல ஓர் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

அதே நாட்டில் ஓமுட்டா என்று ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே 2004 முதல் ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். ஒருவர் வழி தவறியவர்போல ஊருக்குள் நடப்பார், அடையாளங்கள் ஊர்க்காரர்களுக்குச் செய்தியாகப் போகும், பார்த்தவர்கள் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்ததே அந்தப் பேச்சுக் கொடுப்பதுதான். தெரியாத பெரியவரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்பதற்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது. நம் ஊரில் 2018இல் போளூர் பக்கம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கும்பிட வந்தவர் அவர். சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கே இந்தக் கதி என்றால், தன் வீட்டு முகவரி நினைவில்லாமல் தெருவில் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப் பக்குவமாக நடந்துகொள்வது நமக்கு வராதது ஒன்றும் இல்லை. எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் மாமியார் காலையில் ஒரு முழம் வாங்குவார், அரை மணி கழித்துப் போய் மறுபடி கேட்பார். அந்தம்மா "இப்பதானே வாங்குனீங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பேசாமல் கிள்ளிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் என்னிடம் ஒரு முழத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்வார். யாரும் வகுப்பெடுக்கவில்லை அவருக்கு.

வகுப்பு தேவைப்படுவது படித்தவர்களுக்கு. ஒரு வங்கியில் மாமியாரின் கையெழுத்து சேரவில்லை என்று கவுன்டரிலிருந்து கத்தி, வரிசையே வேடிக்கை பார்க்க, மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள். கடைசியில் என்ன எழுதுகிறோம் என்பதே அவருக்கு மறந்து, பேனாவை என்னிடம் நீட்டினார். உடம்புக்கு முடியாமல் கையெழுத்துப் போட இயலாத முதியவர்களிடம் கைரேகை வாங்கலாம், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. கேட்டால் மேனேஜர் லீவு.

அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஓமுட்டா மாதிரி ஒரு நடையை எங்கள் நகரிலும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கப் போகிறேன். ஆட்டோ ஸ்டாண்டு, பால் பூத், அயர்ன் வண்டிக்காரர், வாட்ச்மேன் எல்லோரையும் சேர்த்து. வழி தவறியவராக நடிக்க என் வீட்டுக்காரர் ரெடி. கார் நிறுத்துகிற சண்டைக்கே நேரம் பத்தவில்லை என்று செயலாளர் சொல்வார், சொல்லட்டும்.