ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் இல்லை

"ஆயுள் கொடுத்தால் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவான், அதனால் தூக்குதான் சரி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் நான் வாங்கிய கோர்ட் த்ரில்லர் நாவலிலும் வக்கீல் இதையே அடித்துச் சொல்கிறார், எனக்கு முன்னால் படித்த யாரோ அந்த வரியில் பச்சை மையால் கோடு போட்டு 'கரெக்ட்' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். தவறு. ஆயுள் தண்டனை என்றால் வாழ்நாள் முழுக்கச் சிறை என்று காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் இந்த 14 எங்கிருந்து வந்தது? மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவருக்கு அரசு தண்டனையைக் குறைத்தாலும், 14 வருடம் உள்ளே கழிக்காமல் விடக் கூடாது என்று 1978-ல் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அது குறைந்தபட்சம். 14 முடிந்ததும் புழல் சிறைக் கதவு தானாகத் திறக்காது, அரசு பரிசீலித்து ஆணை போட வேண்டும். தூக்குக்குப் பதிலாக, தண்டனைக் குறைப்புக்கே இடமில்லாத ஆயுள் சிறையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம் என்று 2015-ல் ராஜீவ் கொலைக் கைதிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வே உறுதி செய்திருக்கிறது.

நான் தூக்கு வேண்டாம் என்பவள். வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக வாதாடட்டும், ஆனால் ஒரு உயிரை எடுக்கச் சொல்லும்போது இந்தப் பொய்க் கணக்கைக் காட்டாதீர்கள்.