பாலிகிளினிக் தலைமையில டாக்டர் இருக்கணும்

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் நடத்துற நம்ம பாலிகிளினிக்குல சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நெஞ்சுவலியோட வந்தவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க, ராத்திரி வேற ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் பேரையூர் பக்கத்து நாயக் (ஹவில்தாருக்குக் கீழ் ரேங்க்) ஐயாவுக்கு இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சாச்சு, ஐசியூ விட்டு வார்டுக்கு மாத்திட்டாங்க. நான் எழுத உட்கார்ந்தது அதுக்கப்புறம் குரூப்ல வந்த ஆடியோவுக்காக. "டாக்டர் வைத்தியம் பாக்கட்டும், பாலிகிளினிக்க நடத்துறது நிர்வாகம், அதை நிர்வாகம் தெரிஞ்சவங்க பாத்துக்குவாங்க." மூணு நிமிஷம் பேசியிருந்தாலும் விஷயம் இவ்வளவுதான். அதுக்குக் கீழ கட்டைவிரலைத் தூக்கினவங்கள்ல பாதிப்பேரு அதே வரிசையில டோக்கன் பிடிச்சு நின்னவங்க. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

அன்னைக்கு நடந்தது நிர்வாக முடிவா? ட்யூட்டியில இருந்த டாக்டரம்மா நெஞ்சுவலி, வியர்வை, சுகர் பேஷண்ட், உடனே இருதய மருத்துவமனைக்கு அனுப்பணும்னு எழுதினாங்க. பொறுப்பு அதிகாரி ரூம்ல இருந்து, "ஈசிஜி நார்மலாத்தானே இருக்கு, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க"ன்னு திருப்பி அனுப்பியாச்சு. அது ஒரு மருத்துவ முடிவு. வைத்தியம் படிக்காத ஒருத்தர் எடுத்தாரு. படிச்சவங்க அதை ஏத்துக்க வேண்டியதாப் போச்சு, ஏன்னா அவங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா வேண்டாமான்னு எழுதுறதும் அதே ரூம்தான்.

முதல் ஈசிஜி நார்மலா இருந்தா மாரடைப்பு இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அந்த நிமிஷத்துல இதயத்தோட மின்னோட்டம் எப்படி ஓடுதுன்னு மட்டும்தான் அந்தத் தாள் காட்டும். ரத்தக்குழாய்ல உறைஞ்ச ரத்தக்கட்டி பாதி அடைச்சு, கொஞ்சம் விலகி, மறுபடி அடைக்கும். அதனாலதான் வலி நிக்காத ஆளுக்கு முதல் ஒரு மணி நேரத்துல 15 நிமிஷம், 30 நிமிஷத்துக்கு ஒருதடவை ஈசிஜியத் திரும்ப எடுக்கணும்னு இருக்கு. வழக்கமா எடுக்கிற 12 லீடு (12 கோணத்துல பாக்குற) ஈசிஜி இதயத்தோட பின்சுவரை நேரடியாப் பாக்காது. சந்தேகம் வந்தா இடது முதுகுப் பக்கமா வி7, வி8, வி9-ங்கிற இடங்கள்லயும் மின்முனை ஒட்டி எடுக்கணும். இதயத்தசை அடிபட்டிருக்கான்னு பாக்குற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். வலி ஆரம்பிச்ச உடனே எடுத்தா நார்மல்னு வரலாம், சில மணி நேரம் கழிச்சு மறுபடி எடுத்தாத்தான் தெரியும். சுகர் உள்ளவங்கள்ல சிலருக்கு நெஞ்சுவலியே சரியாத் தெரியாது. மேல்வயித்துல அழுத்தம், தாடையில இழுப்பு, சட்டை நனையிற அளவுக்கு வியர்வை, இவ்வளவுதான் இருக்கும். நம்ம ஊர்ல அதை வாயுப்பிடிப்புன்னு சொல்லி சோடா குடிச்சிட்டுப் படுத்துருவாங்க.

ஐயா கையில இருக்கிறது ஒரே ஒரு ஈசிஜி தாள். மேல நேரம் 11.42-னு அச்சாகியிருக்கு. ரெண்டாவது தாளே இல்ல. தலைமையில டாக்டர் இருந்திருந்தா முதல்ல கேக்குற கேள்வி, "அடுத்த ஈசிஜி எங்க?"ங்கிறதுதான்.

இதைச் சொன்னா உடனே, "ராணுவ ஒழுங்கு தெரியுமா உனக்கு"ன்னு வர்றாங்க. சரி, ராணுவத்துலயே பாப்போம். மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கமாண்டன்ட் யாரு? ஆர்மி மெடிக்கல் கோர் டாக்டர். அவருக்குக் கீழ ஸ்டோர், கேன்டீன், வண்டி, ஆள் கணக்கு பாக்க அதே கோர்ல நான்-டெக்னிக்கல் (டாக்டர் அல்லாத) அதிகாரிகள் தனியா இருக்காங்க. முப்படைக்கும் மருத்துவ சேவைத் தலைவரா இருக்கிற டிஜிஏஎஃப்எம்எஸ் பதவியிலயும் டாக்டர்தான். 2024 அக்டோபர்ல அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆர்த்தி சரின். சர்வீஸ்ல இருக்கிற வரைக்கும் ஜவானோட உடம்புக்கு டாக்டர் தலைமை. பென்ஷன் வாங்கி வீட்டுக்கு வந்த மறுநாள்ல இருந்து மட்டும் டாக்டர் வேண்டாமா?

2003 ஏப்ரல்ல ஆரம்பிச்ச இசிஎச்எஸ் நல்ல திட்டம், அதுல எனக்கு மாத்துக்கருத்து கிடையாது. ஆனா பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரி வேலைக்கு வர்ற விளம்பரத்தைப் படிச்சுப் பாருங்க. ஒரு டிகிரி, மருத்துவமனையிலயோ நிர்வாகப் பதவியிலயோ 5 வருஷ அனுபவம். எம்பிபிஎஸ் கேக்கல. பல வருஷமா அந்தப் பதவிக்கும் எம்பிபிஎஸ் மெடிக்கல் ஆபீசருக்கும் ஒரே 75,000 ரூபா சம்பளம்னு போட்டுதான் விளம்பரம் வந்துச்சு. சம்பளம் ஒண்ணா இருந்தப்பவும் அதிகாரம் ஒண்ணா இல்ல.

அந்த அதிகாரம் வேலை செய்யுற இடத்தையும் பாருங்க. வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்புற ரெஃபரல் சீட்டுல "ஆலோசனைக்கு மட்டும்"னு எழுதறதுக்கும் "ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை"ன்னு எழுதறதுக்கும் ஒரு வரிதான் வித்தியாசம். முதல் மாதிரி எழுதினா, டாக்டரப் பாத்துட்டு எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க மறுபடி சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லி திருப்பி விடலாம். எழுமலையில இருந்து உசிலம்பட்டி வந்து, அங்க பஸ் மாறி ஆரப்பாளையத்துல இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிச்சு வர்ற வயசான ஆளுக்கு அது இன்னொரு முழுநாள். எந்த நோய்க்கு எந்தப் பரிசோதனை அடுத்து வரும்னு தெரிஞ்சாத்தான் அந்த ஒரு வரிய முதல்லயே சரியா எழுத முடியும். மருந்து வேணும்னு எழுதிக் கேக்குற இண்டென்ட்டும் அதே கதைதான். பேர் போட்டுப் பெட்டிய எண்ணினாப் போதாது. இன்சுலின் 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃப்ரீசர் பக்கத்துல வச்சு ஒருதடவை உறைஞ்சுட்டா, உருகினப்புறம் பாக்க நல்லா இருந்தாலும் அதைப் போடக்கூடாது. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரை ஸ்டென்ட் வச்ச ஆளுக்கு ஒரு வாரம் "ஸ்டாக் இல்ல"ன்னா, அந்த ஸ்டென்டே அடைச்சுக்கலாம். வைட்டமின் மாத்திரை ஸ்டாக் இல்லாததும் அதுவும் ரிஜிஸ்டர்ல ஒரே மாதிரி ரெண்டு வரிதான்.

"டாக்டருக்கு நிர்வாகம் வராது"ன்னு மதுரையில உட்கார்ந்துக்கிட்டு எப்படிச் சொல்ல முடியுது? அண்ணா நகர்ல 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனைய ஆரம்பிச்ச டாக்டர் ஜி. வெங்கடசாமி யாரு? பட்டாளத்து டாக்டர். 1945-ல இருந்து 48 வரைக்கும் ராணுவத்துல இருந்து, முடக்குவாதத்துல விரல் வளைஞ்சு வெளிய வந்தவரு. அந்த விரல்லயே கத்தியப் பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன் செஞ்சாரு. இன்னைக்கு அந்த மருத்துவமனை நடக்கிற ஒழுங்கைப் பாக்க வெளிநாட்டுல இருந்து வர்றாங்க. அங்கயும் நிர்வாகம் படிச்சவங்க இருக்காங்க, டாக்டர் தலைமைக்குத் தோள் குடுத்து நிக்கிறாங்க. பெரியாஸ்பத்திரியையும் டீன்தானே நடத்துறாரு, அவரு டாக்டர்தானே?

அமெரிக்காவுல டைரக்டர் டாக்டரா இல்லாமலே முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரி ஓடுதேன்னு ஒரு தம்பி போட்டிருந்தாரு. ஓடுது. ஆனா அங்க வைத்தியப் பக்கம் முழுக்க சீஃப் ஆஃப் ஸ்டாஃப்னு ஒரு டாக்டர் கையில இருக்கு. அந்தத் துறையோட மருத்துவப் பிரிவு சீர்கெட்டுக் கிடந்தப்ப 1994-ல இருந்து 99 வரைக்கும் தலைமை ஏத்து நிமித்தினது கென்னத் கைசர்ங்கிற டாக்டர். 2014-ல ஃபீனிக்ஸ் ஆஸ்பத்திரியில என்னாச்சு? 14 நாளுக்குள்ள அப்பாயின்ட்மென்ட் குடுக்கணும்னு இலக்கு வச்சாங்க. கணக்கு சரியாத் தெரியணும்னு ரகசியமா வேற காத்திருப்புப் பட்டியல் வச்சு ஆளுங்களை மறைச்சாங்க. விஷயம் வெளிய வந்து துறைச் செயலரே பதவி விலகினாரு. தாள்ல எல்லாம் சரியா இருந்துச்சு.

டாக்டருங்க இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டாங்கங்கிறது நியாயமான பேச்சு. மதுரையில தனியார் ஆஸ்பத்திரி இதைவிடக் கூடக் குடுக்கும். அதுக்காக அந்த நாற்காலியில டாக்டரே வேண்டாம்னு முடிவு பண்ணலாமா? சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேளுங்க. அதுவும் முடியலையா, குறைஞ்சபட்சம் ரெஃபரல், அவசரம், மருந்து மூணுலயும் சீனியர் டாக்டர் கையெழுத்தே கடைசின்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பொறுப்பு அதிகாரி கட்டடம், கரண்ட், வருகைப் பதிவேடு, பில் எல்லாம் பாக்கட்டும். அவங்கள்ல ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுக்கிற நல்லவங்க இருக்காங்க, அவங்களைச் சொல்லல.

"ஓசி வைத்தியத்துக்கு இவ்வளவு பேச்சா"ன்னு ஒருத்தரு எழுதினதை நான் மறக்க மாட்டேன். ஓசி இல்லைங்க. 1996-க்கு முன்னாடி ஓய்வு பெற்றவங்க, போர் விதவைகள் மாதிரி சிலருக்குத்தான் கட்டணம் கிடையாது. மத்தவங்க ஓய்வு பெற்ற காலத்துக்கும் ரேங்குக்கும் தக்கபடி பணம் கட்டித்தான் கார்டு வாங்கியிருக்காங்க. 2017 கடைசியில வந்த கணக்குப்படி ஹவில்தார் வரைக்கும் 30,000, ஜேசிஓ (சுபேதார் மாதிரி ரேங்க்) 67,000. சியாச்சின்லயும் ராஜஸ்தான்லயும் கிடந்து வாங்கின கிராஜுட்டி காசு அது. ஐயா அன்னைக்கு வலியோட நின்னப்ப கவுண்டர்ல, "நீ அங்க உட்காருய்யா"ன்னாங்களாம். எழுபத்தொரு வயசு மனுஷன். கூடப் போன அவங்க வீட்டம்மா சொல்லி அழுதாங்க. ரேங்குக்குத் தக்க வார்டு குடுங்க, ஜெனரல் வார்டுல படுத்துக்கிறோம். வலின்னு சொன்னா அதை நம்புறதுக்கும் ரேங்க் வேணுமா?

இதையும் எல்லாரும் மனசுல வச்சுக்கங்க. உயிருக்கு ஆபத்துன்னா ரெஃபரல் தேவையில்ல. இசிஎச்எஸ் பட்டியல்ல இருக்கிற மருத்துவமனைக்குக் கார்டோட நேராப் போயிருங்க, 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் குடுக்க வேண்டியது அவங்க பொறுப்பு. பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரின்னா அதே 48 மணி நேரத்துக்குள்ள நீங்களே சொல்லி, சொன்னதுக்கு அத்தாட்சி வாங்கி வச்சுக்கணும். ஐயாவ ராத்திரி சேத்தது பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரி. தகவல் குடுத்தாச்சு. ஆனா வலி வந்த அன்னைக்கு இவரு பாலிகிளினிக்குக்கு வந்தாருங்கிறதுக்கே இப்ப ஆதாரம் கேக்குறாங்க.

மனு ஞாயித்துக்கிழமை எழுதுறோம். அந்த 11.42 தாள் ஐயாவோட மஞ்சப்பையில இருக்கு. தெர்மல் பேப்பர், வெயில் பட்டா எழுத்து மங்கிரும், யாராவது நாளைக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு நகல் எடுத்துட்டு வாங்க.