செம்மண் படாத கேன்வாஸ்

புதன்கிழமை காலையில் நான் வெள்ளைப் பாலிஷ் பூசிக் காயவைத்து அனுப்பிய கேன்வாஸ், மாலையில் பூசியது பூசியபடியே வீடு திரும்பியது. காரைக்குடிச் செம்மண்ணைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஊருணிக் கரைவரை போய் வந்தாலே சேலைக் கரையில் ஏறிக்கொள்ளும் மண் அது. அந்த மண் ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல் ஏழாம் வகுப்புப் பையனின் காலணி வந்து சேர்கிறது என்றால், அவனுடைய பி.டி. பீரியடை யார் தின்றார் என்று கேட்பதே வீண். இருந்தும் கேட்டேன். "கணக்கு சார்" என்றான், மழை பெய்தது என்று சொல்கிற குரலில்.

வாரத்துக்கு இருப்பதே இரண்டு விளையாட்டுப் பாடவேளைகள். திங்கட்கிழமையுடையதை ஏற்கெனவே ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் இதையும் விழுங்கியிருப்பேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று ஒன்று வைத்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, வகுப்பாசிரியருமான அதே கணக்கு சார், "பாருங்கம்மா, உங்கள் பையனுக்குக் கவனமே இல்லை" என்று தொடங்கினார். தொடங்கியதும் கைப்பேசி அடித்தது, எடுத்துப் பேசினார். பேசி முடித்து, "எதில் விட்டேன்?" என்று என்னிடமே கேட்டார். "கவனத்தில் விட்டீர்கள் சார்" என்றேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறானாம். சன்னல் பக்கமே பார்க்கிறானாம். மதியத்துக்கு மேல் கண் சொருகுகிறதாம். இதற்குள் கைப்பேசியை இன்னும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ எனக்கு வரம் கொடுப்பவர்போல், "அதனால்தான் பி.டி. பீரியடிலும் உட்காரவைத்துக் கணக்குப் போடவைக்கிறேன்" என்றார்.

நோய்க்குக் காரணத்தையே மருந்தென்று, அதுவும் வேளைக்கு இரண்டு மடங்காகக் கொடுக்கும் வைத்தியத்தை நான் அன்றுதான் நேரில் கண்டேன்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பள்ளி வாரத்துக்கே அதைத் தருவதாகத் தெரியவில்லை. 2009இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேரை ஒருநாள் 20 நிமிடம் நடக்கவைத்தும் இன்னொரு நாள் சும்மா உட்காரவைத்தும் கவனச் சோதனை செய்தார்கள். குறுக்கே வருவதை ஒதுக்கிவிட்டுச் சரியான விடையைப் பிடிப்பதில், நடந்த நாளே மேலாக இருந்தது. இருபது பேர் என்பது சிறிய ஆய்வுதானே என்பீர்கள். அதே குழு 221 பிள்ளைகளை வைத்து ஒன்பது மாதம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வும் அந்தப் பக்கமே சாய்ந்தது. இவ்வளவு எதற்கு? அவன் அப்பத்தாள், வீட்டு வளவை நாலு சுற்று ஓடவிட்டு, வியர்த்த பிறகுதான் பிள்ளைகளைப் புத்தகத்தின் முன் உட்காரவைப்பார். எந்த ஆய்வையும் அவர் படித்ததில்லை.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கும் ஊர் இது. பி.டி. ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பும் ஊரிலேயே எங்கள் பி.டி. சார் என்ன செய்கிறார் தெரியுமா? காலையில் வாசலில் நின்று ஆட்டோக்களுக்கு விசில் ஊதுகிறார். பிறகு யார் முடி வெட்டவில்லை என்று பார்க்கிறார். கைப்பந்து காற்றுப் போய், கோப்பைகளுக்கு நடுவே கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. விளையாட்டுக் கட்டண ரசீதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இத்தனையையும் கணவரிடம் கொட்டிவிட்டு, அந்தப் புதன்கிழமை அப்படி எந்தக் கணக்கைப் போட்டுக் கிழித்தார்கள் என்று பையனுடைய நோட்டைப் புரட்டினேன். "ஒரு மாணவன் 200 மீட்டர் சுற்றளவுள்ள மைதானத்தை 6 முறை சுற்றி ஓடினால், அவன் ஓடிய தொலைவு எத்தனை கிலோமீட்டர்?"

1.2 கிலோமீட்டர் என்று சரியாகத்தான் போட்டிருந்தான். சிவப்பு மையில் சரி போட்டு, பக்கத்திலேயே "கவனம் தேவை" என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஏன் சிரிக்கிறேன் என்று எட்டிப் பார்த்தவன், "அன்னைக்கு ஓடினது அவன் மட்டும்தாம்மா" என்றான்.