அலை உடையாத இடத்தில் இறங்கினால் ஆபத்தில்லையா?

புயல் நாளில் அலைச்சறுக்குக்குப் போனால், கடலடி மணல்திட்டுகளுக்கு நடுவே நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும் இடமே பாதுகாப்பானது என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

2 மீட்டர் அலை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும். உடையவில்லை என்றால் அங்கே பள்ளம். திட்டைத் தாண்டிக் கரையோரம் குவிந்த நீர் அதன் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தொடலாம். ஒலிம்பிக் வீரரும் எதிர்நீச்சலில் திணறுவார். சென்னையை அடுத்த முட்டுக்காடு முகத்துவாரத்தில் மழைவெள்ளமும் சேர்ந்துகொண்டால் இழுப்பு இன்னும் கூடும். கலங்கல் நீரும், கடலை நோக்கி நகரும் நுரைத்திட்டுகளும் அடையாளம். (தேர்ந்தவர்கள் உள்ளே போக இதே இழுப்பைப் பயன்படுத்துவதுண்டு, வதந்தியின் வேர் அதுவாக இருக்கலாம்.)

மாட்டிக்கொண்டால் பலகையை விடாதீர்கள். கரைக்கு இணையாகக் கையால் துழாவி, அலை உடையும் பக்கம் சேருங்கள். எழுந்து நிற்க வேண்டாம். குப்புறப் படுத்தபடியே நுரையோடு கரையேறுங்கள்.