மறுக்கும் பொத்தான் எங்கே?

விடுமுறைக்கு வாடகை வீடு தேடித் தரும் ஒப்பீட்டுத் தளங்களுக்குள் நுழைந்தால், பல இடங்களில் வீட்டின் படத்துக்கு முன்னால், நம் தகவல்களைச் சேகரித்துப் பகிர அனுமதி கேட்கும் பெட்டி வந்து நிற்கிறது. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது பளிச்சென்ற நிறத்தில் பெரிதாக இருக்கிறது. மறுக்க வேண்டும் என்றால், மங்கலாக எழுதப்பட்ட 'அமைப்புகள்' வழியாக உள்ளே போய், நூற்றுக்கணக்கான 'கூட்டாளி' நிறுவனங்களின் பட்டியலைக் கடந்து, ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வர வேண்டும். அவசரத்தில் இருப்பவர் முதல் பொத்தானைத்தான் அழுத்துவார். களைப்பில் அழுத்தியதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தத் தளங்களில் நாம் என்னவெல்லாம் தட்டச்சு செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தேதியில் போகிறோம், எப்போது திரும்புகிறோம், பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகளின் வயது என்ன, எவ்வளவு செலவழிக்க முடியும், சக்கர நாற்காலி போகும் வாசல் வேண்டுமா. இவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்கு நம் வீடு எந்த வாரம் பூட்டியிருக்கும் என்பதும், வீட்டில் நடக்கச் சிரமப்படுபவர் ஒருவர் இருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். சட்டை வாங்கத் தேடுவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஒப்பீட்டுத் தளங்களுக்குச் சொந்தமாக வீடுகள் கிடையாது. நம்மை முன்பதிவுத் தளத்துக்கு அனுப்பி, அந்தக் கிளிக்குக்கோ முன்பதிவுக்கோ கமிஷன் வாங்குகின்றன. யார் மூலம் வந்தோம் என்று கணக்குப் பார்க்க ஓர் அடையாள எண் தேவைப்படும். அதில் எனக்கு வருத்தமில்லை. நமக்கு விளம்பரம் காட்டும் வாய்ப்புக்காக நிறுவனங்கள் போட்டியிடும் விளம்பர ஏலம் வேறு கதை. பக்கம் திறக்கும் நொடிக்குள் நம்மைப் பற்றிய குறிப்புகள் பல நிறுவனங்களுக்குப் போகின்றன. ஏலத்தில் வென்றவர் விளம்பரம் காட்டுகிறார். தோற்றவர்களின் கைக்கும் அந்தக் குறிப்புகள் போயிருக்கும். வீடு தேடுவதற்கு இது எந்த விதத்திலும் அவசியமில்லை.

ஐரோப்பாவில் இப்படிச் சம்மதம் வாங்குவதற்கு எதிரான தரவுப் பாதுகாப்புச் சட்டம் (GDPR) 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போல மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. சில மாதங்களிலேயே கூகுள் ஐரோப்பாவில் 'அனைத்தையும் மறுக்கிறேன்' பொத்தானைக் கொண்டுவந்தது. ஆக, தொழில்நுட்பம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. அபராதம் வரும்வரை அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பயணத் தேதியை வாசல் கதவில் எழுதி ஒட்டிவிட்டு யாரும் ஊருக்குப் போவதில்லையே!

இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் வழி கேட்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று: சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும். தமிழும் அதில் அடக்கம். இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டுத் தளங்களையும் இது கட்டுப்படுத்தும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது அதிகமாகப்படுகிறது.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒரு பொத்தானைப் பளிச்சென்று காட்டி மற்றதை மறைக்கும் வடிவமைப்பை, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே குறிப்பிடுகின்றன. கொடைக்கானலில் வீடு தேடும்போது அப்படியொரு பெட்டி வந்தால், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள்.